பைல் சிங்க் வசதி விண்டோஸுடனேயே வர வேண்டும்!

கம்ப்யூட்டர் வாங்கியவுடன் நாம் முதலில் கற்றுக் கொள்ளும் வேலைகளில் ஒன்று, ஒரு பைலை காப்பி செய்து இன்னொரு இடத்தில் பேஸ்ட் செய்வது. வீட்டில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருக்கும் வரை இது போதும். கூடவே ஒரு லேப்டாப் வந்துவிட்டால், அல்லது அலுவலகக் கம்ப்யூட்டரில் தொடங்கிய வேலையை வீட்டில் முடிக்க வேண்டியிருந்தால், தலைவலி ஆரம்பமாகிவிடும். எந்தக் கம்ப்யூட்டரில் இருப்பது புதிய பைல்? பென் டிரைவில் இருப்பது நேற்று திருத்தியதா, போன வாரம் திருத்தியதா? இந்தக் குழப்பத்தில்தான் "கணக்கு", "கணக்கு புதியது", "கணக்கு புதியது 2", "கணக்கு கடைசி" என்றெல்லாம் பைல்கள் பெருகுகின்றன. சில மாதங்கள் கழித்து, இவற்றில் எது உண்மையிலேயே கடைசி என்பது பைலை உருவாக்கியவருக்கே தெரியாது.

இதற்கான தீர்வு எப்போதோ கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. இரண்டு இடங்களில் உள்ள போல்டர்களை ஒப்பிட்டு, இரண்டையும் ஒரே நிலைக்குக் கொண்டு வருவதைச் சிங்க்ரனைசேஷன், சுருக்கமாகச் சிங்க் என்று அழைக்கிறோம். இந்த வேலையைச் செய்திடும் எளிய புரோகிராம் ஒன்று, நோட்பேட், பெயிண்ட், கால்குலேட்டர் போல விண்டோஸ் சிஸ்டத்துடனேயே தரப்பட வேண்டும் என்பது என் கருத்து. அது இன்டர்நெட் வழியாகச் சுற்றி வராமல், நம் இரண்டு கம்ப்யூட்டர்களுக்கிடையே நேரடியாகச் செயல்பட வேண்டும். ஏன் இதனைக் கேட்கிறேன் என்பதைச் சற்று விளக்கமாகப் பார்க்கலாம்.

காப்பி வேறு, சிங்க் வேறு

"போல்டரை அப்படியே காப்பி செய்துவிட்டால் சிங்க் ஆகிவிடாதா?" என்று புதியவர்கள் பலர் கேட்கிறார்கள். ஆகாது. ஓர் ஆசிரியை திங்களன்று பள்ளிக் கம்ப்யூட்டரில் வினாத்தாள் ஒன்றைத் தயாரிக்கிறார். பென் டிரைவில் எடுத்து வந்து, இரவு வீட்டு லேப்டாப்பில் திருத்துகிறார். மறுநாள் பள்ளியில் பழைய பைலிலேயே இரண்டு கேள்விகளைச் சேர்க்கிறார். இப்போது இரண்டு பைல்களுக்கும் ஒரே பெயர். இரண்டிலும் புதிய விஷயங்கள் உள்ளன. பென் டிரைவிலிருந்து காப்பி செய்தால், அந்த இடத்தில் உள்ள பைலின் மீது எழுதவா என்று விண்டோஸ் கேட்கும். "ஆம்" என்று கிளிக் செய்தால் ஒரு நாள் வேலை போய்விடும். இப்படி மேலெழுதப்பட்ட பைல் ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது. அதனால் அங்கே தேடியும் பயனில்லை.

அழித்த பைல்களில் இன்னொரு சிக்கல் உள்ளது. ஒரு பைல் டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் இருக்கிறது, லேப்டாப்பில் இல்லை என்று வைத்துக் கொள்வோம். இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, அது டெஸ்க்டாப்பில் புதிதாக உருவாக்கப்பட்டிருக்கலாம். அப்படியென்றால் அதனை லேப்டாப்பில் காப்பி செய்திட வேண்டும். மற்றொன்று, லேப்டாப்பில் அதை நீங்கள் வேண்டாமென்று அழித்திருக்கலாம். அப்படியென்றால் டெஸ்க்டாப்பிலும் அழிக்க வேண்டும். இரண்டு போல்டர்களையும் எவ்வளவு நேரம் பார்த்தாலும் இந்த இரண்டில் எது என்று சொல்ல முடியாது. சென்ற முறை என்னென்ன பைல்கள் இருந்தன என்ற குறிப்பு வேண்டும்.

நல்ல சிங்க் புரோகிராம் இந்தக் குறிப்பைத்தான் எழுதி வைத்துக் கொள்கிறது. ஒவ்வொரு முறை வேலை முடிந்ததும் எந்த பைல், என்ன அளவு, எந்த நேரத்தில் திருத்தப்பட்டது என்று பதிந்து கொள்ளும். அடுத்த முறை இரண்டு பக்கங்களையும் அந்தப் பதிவுடன் ஒப்பிட்டு முடிவு செய்திடும். இரண்டு பக்கமும் மாறியிருந்தால், தானாக எதையும் அழிக்காமல் நம்மிடம் கேட்கும் அல்லது இரண்டையும் வைத்துக் கொள்ளும். மனிதர்களால் நினைவில் வைத்துக் கொள்ள முடியாத வேலை இது. கம்ப்யூட்டருக்கோ மிகவும் எளிது. பிறகு ஏன் இதை நாம் செய்து கொண்டிருக்க வேண்டும்?

முன்பு இருந்ததுதான்

நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. 1995ல் வெளியான விண்டோஸ் 95 சிஸ்டத்திலேயே பிரீப்கேஸ் என்ற வசதி தரப்பட்டது. பைல்களை அந்தப் பெட்டிக்குள் காப்பி செய்து, பெட்டியை பிளாப்பி டிஸ்க்கிற்கு மாற்றி, வேறு கம்ப்யூட்டரில் வேலை பார்க்கலாம். திரும்பி வந்து "அப்டேட் ஆல்" என்பதில் கிளிக் செய்தால், எந்தப் பக்க பைல் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை அம்புக்குறி போட்டுக் காட்டும். இரண்டு பக்கமும் மாறியிருந்தால், அந்த பைலைத் தொடாமல் விட்டுவிடுவதாகச் சொல்லும். 1.44 எம்பி பிளாப்பி காலத்தில் இது போதுமான வசதிதான். ஆனால், பெரும்பாலானவர்கள் அந்த ஐகானை என்னவென்று தெரியாமலேயே அழித்தார்கள். வசதியைத் தந்த மைக்ரோசாப்ட், அது எதற்கு என்பதை எளிதாக விளக்கவில்லை. 2012ல் வந்த விண்டோஸ் 8ல் பிரீப்கேஸ் கைவிடப்படும் வசதிகளில் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. விண்டோஸ் 10ல் அது நீக்கப்பட்டுவிட்டது.

இடையில் சிங்க்டாய் என்ற இலவச புரோகிராமை மைக்ரோசாப்ட் தனியாக வழங்கியது. இடது போல்டர், வலது போல்டர் என இரண்டைத் தேர்ந்தெடுத்தால் போதும். இரு பக்கமும் சமமாக்குவது, ஒரு பக்க மாற்றங்களை மட்டும் மறு பக்கம் கொண்டு செல்வது, எதையும் அழிக்காமல் புதியவற்றை மட்டும் சேர்ப்பது என மூன்று வழிகள் அதில் இருந்தன. எது அழிக்கப்படும், எது மாற்றப்படும் என்ற பட்டியலை முன்கூட்டியே காட்டும். புதியவர்களும் அரை மணி நேரத்தில் கற்றுக் கொள்ளக் கூடிய புரோகிராம். ஆனால் அது விண்டோஸுடன் தரப்படவே இல்லை. தேடிப் போய் டவுன்லோட் செய்தவர்களுக்கு மட்டுமே கிடைத்தது. 2021ல் மைக்ரோசாப்ட் தன் தளத்திலிருந்து அதனையும் எடுத்துவிட்டது.

கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் நேரடியாக சிங்க் செய்திடும் தொழில்நுட்பமும் மைக்ரோசாப்ட் கைவசம் இருந்தது. 2005ல் போல்டர்ஷேர் என்ற சேவையை அந்நிறுவனம் வாங்கியது. அது பின்னர் விண்டோஸ் லைவ் சிங்க் என்றும், விண்டோஸ் லைவ் மெஷ் என்றும் பெயர் மாறியது. இன்டர்நெட் சேமிப்பிடத்தைப் பயன்படுத்தாமலேயே, நம் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றிற்கு போல்டர்களை அதில் சிங்க் செய்திட முடிந்தது. 2013 பிப்ரவரியில் இதுவும் மூடப்பட்டது. அதற்குப் பதிலாக ஸ்கைடிரைவைப் பயன்படுத்தச் சொன்னார்கள். அந்த ஸ்கைடிரைவ்தான் 2014 முதல் ஒன்டிரைவ் என்ற பெயரில் இருக்கிறது.

ஆக, இது தெரியாத தொழில்நுட்பம் அல்ல. தெரிந்து, செய்து, கொடுத்து, பின் எடுத்துக் கொள்ளப்பட்ட ஒன்று.

ஒன்டிரைவ் இருக்கிறதே?

இருக்கிறது. அது மோசமான சேவை என்று நான் சொல்ல வரவில்லை. பைலின் நகல் ஒன்று வீட்டிற்கு வெளியே இருப்பது நல்லதுதான். லேப்டாப் திருடு போனாலும் பைல் மிஞ்சும். ஆனால் நம் தேவை வேறு, அது தருவது வேறு.

முதலாவது, இடம். ஒன்டிரைவில் இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி மட்டுமே. ஒரு திருமண ஆல்பமும் ஒன்றிரண்டு வீடியோக்களும் போட்டால் நிரம்பிவிடும். அதற்கு மேல் மாதந்தோறும் அல்லது ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். நம் கம்ப்யூட்டர்கள் இரண்டிலும் 500 ஜிபி காலியாக இருந்தாலும், நடுவில் உள்ள 5 ஜிபிதான் எல்லை. பெரிய தொட்டிகள் இரண்டை ஒரு டம்ளரால் இணைத்தது போல.

இரண்டாவது, நேரம். 5 ஜிபி பைல்களை நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் அப்லோட் செய்தால் ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆகும். மீண்டும் அடுத்த கம்ப்யூட்டரில் டவுன்லோட் செய்திட வேண்டும். அதே பைல்களை வீட்டு வைபை வழியாக நொடிக்கு 200 மெகாபிட் வேகத்தில் நேரடியாக அனுப்பினால் நான்கு நிமிடங்கள் போதும். இன்டர்நெட் டேட்டாவும் செலவாகாது. மேஜையின் இந்தப் பக்கம் உள்ள பைல் அந்தப் பக்கம் போவதற்கு ஏன் வேறு நாட்டில் உள்ள சர்வர் வரை சென்று வர வேண்டும்?

மூன்றாவது, பைல் எங்கே இருக்கிறது என்ற தெளிவு. புதிய கம்ப்யூட்டர்களில் டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய போல்டர்கள் நாம் கவனிக்காமலேயே ஒன்டிரைவின் கீழ் சென்றுவிடுவதுண்டு. 2017 முதல் உள்ள வசதி ஒன்றினால், பைலின் பெயர் மட்டும் கம்ப்யூட்டரில் தெரியும். பைல் சர்வரில் இருக்கும். பெயருக்கு அருகே மேகம் போன்ற சிறிய படம் இருந்தால் அதுதான் பொருள். இன்டர்நெட் இல்லாதபோது அந்த பைலைத் திறக்க முடியாது. இது தெரியாமல், ரயிலில் லேப்டாப்பைத் திறந்து "பைல் இருக்கிறது, ஆனால் வரவில்லை" என்று தவிப்பவர்கள் உண்டு.

நான்காவது, சேவை நின்று போகலாம். லினக்ஸ் உலகில் இதற்கு ஒரு பாடம் உள்ளது. உபுண்டு சிஸ்டம், 2009 அக்டோபரில் வந்த 9.10 பதிப்பிலிருந்து உபுண்டு ஒன் என்ற சிங்க் சேவையைத் தன்னுடனேயே இணைத்துத் தந்தது. சிஸ்டத்துடன் சிங்க் வசதி வர வேண்டும் என்ற எண்ணம் பாராட்டத்தக்கது. ஆனால் அது நிறுவனத்தின் சர்வரை நம்பியிருந்தது. 2014 ஜூன் 1ல் அந்தச் சேவை நிறுத்தப்பட்டது. பயன்படுத்தியவர்கள் ஜூலை முடிவதற்குள் பைல்களை எடுத்துக் கொள்ள வேண்டியதாயிற்று. நான் நேரடி சிங்க் கேட்பதற்கு இதுவே முக்கியக் காரணம். நடுவில் சர்வர் இல்லையென்றால் மூடுவதற்கும் எதுவும் இல்லை.

டவுன்லோட் செய்து கொள்ளலாமே?

இது நியாயமான கேள்வி. சிங்க்திங் என்ற இலவச ஓப்பன் சோர்ஸ் புரோகிராம் 2013 முதல் கிடைக்கிறது. நான் இதுவரை கேட்டவற்றில் பெரும்பகுதியை அது செய்கிறது. நடுவில் யாருடைய சேமிப்பிடமும் இல்லாமல், கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் என்கிரிப்ட் செய்து பைல்களை அனுப்பிக் கொள்கின்றன. பைலைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, மாறிய துண்டுகளை மட்டும் அனுப்புகிறது. மாற்றத்தை மட்டும் அனுப்பும் இந்த எண்ணம் பழையதுதான். 1996ல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் ஆகியோர் ஆர்சிங்க் என்ற புரோகிராமில் இதனைச் செய்து காட்டினார்கள். பிறகு எதற்கு விண்டோஸிலேயே வேண்டும்?

ஏனென்றால் சிங்க் என்பது இருவர் சேர்ந்து செய்திடும் வேலை. டெக்ஸ்ட் எடிட்டர் என்னிடம் மட்டும் இருந்தால் போதும். சிங்க் புரோகிராம் எதிர்ப்பக்கமும் இருக்க வேண்டும். நான் டவுன்லோட் செய்து கொள்ளலாம். ஆனால் அலுவலகக் கம்ப்யூட்டரில் புதிய புரோகிராம்களை இன்ஸ்டால் செய்திட அனுமதி இருக்காது. ஊரில் உள்ள அப்பாவின் கம்ப்யூட்டரில் போனிலேயே வழி சொல்லி இன்ஸ்டால் செய்ய வைப்பது எவ்வளவு சிரமம் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் முதலிலேயே இருந்தால்தான் இந்த வசதிக்கு முழுப் பயன் உண்டு.

இன்னொன்று, இல்லாத ஒன்றைப் புதியவர்கள் தேட மாட்டார்கள். "சிங்க்" என்ற சொல்லே தெரியாதவர் எதை டைப் செய்து தேடுவார்? தேடினாலும், முதலில் வரும் விளம்பரத்தில் கிளிக் செய்து வேண்டாத புரோகிராம் ஒன்றை இறக்கிக் கொள்ளும் ஆபத்து உண்டு.

விண்டோஸிலேயே ரோபோகாப்பி இருக்கிறதே என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்லலாம். உண்மைதான். விஸ்டா முதல் அது விண்டோஸுடன் வருகிறது. ஆனால் அது கறுப்புத் திரையில் கட்டளையாக டைப் செய்திட வேண்டியது. அதன் மிரர் கட்டளையில் இரண்டு போல்டர்களின் பெயர்களை முன்பின் மாற்றிக் கொடுத்துவிட்டால், காலியான போல்டரைப் போலவே நிறைந்த போல்டரையும் காலி செய்துவிடும். விஸ்டாவில் வந்த சிங்க் சென்டரும் நமக்கு உதவாது. அதன் முக்கிய வசதியான ஆப்லைன் பைல்ஸ், ஹோம் பதிப்புகளில் தரப்படுவதில்லை. வீட்டில் பயன்படுத்துவோருக்குத்தான் இது இல்லை!

எப்படி இருக்க வேண்டும்?

விண்டோஸுடன் வரும் சிங்க் வசதிக்கு என் நிபந்தனைகள் இவை:

1. நாம் கேட்கும் வரை இயங்கக் கூடாது. எந்த போல்டர் என்பதை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும்.

2. போல்டரில் ரைட் கிளிக் செய்தால் கிடைக்கும் மெனுவிலேயே இருக்க வேண்டும். "இன்னொரு கம்ப்யூட்டருடன் இணை", "பென் டிரைவுடன் இணை" என்ற இரண்டு பிரிவுகள் போதும்.

3. அக்கவுண்ட் கேட்கக் கூடாது. ஒரு கம்ப்யூட்டரில் தெரியும் எண்ணை இன்னொன்றில் டைப் செய்தால் இரண்டும் அறிமுகமாகிவிட வேண்டும். அனுப்பப்படும் அனைத்தும் என்கிரிப்ட் செய்யப்பட வேண்டும்.

4. முதல் முறை இயக்கும்போது எது சேரும், எது மாறும், எது அழியும் என்ற பட்டியலைக் காட்ட வேண்டும்.

5. அழிக்கப்படும், மேலெழுதப்படும் பைல்கள் தனி போல்டரில் 30 நாட்களாவது இருக்க வேண்டும். பென் டிரைவுக்கும் இது பொருந்த வேண்டும். இன்று பென் டிரைவில் அழிக்கும் பைல்கள் ரீசைக்கிள் பின்னுக்குச் செல்வதில்லை.

6. இரண்டு பக்கமும் திருத்தப்பட்டிருந்தால் இரண்டையும் வைத்துக் கொண்டு, பெயருடன் தேதியையும் கம்ப்யூட்டரின் பெயரையும் சேர்த்துக் காட்ட வேண்டும்.

7. இதன் விதிமுறைகள் வெளிப்படையாக இருக்க வேண்டும். மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்ட் ஆகியவற்றிற்கும் யார் வேண்டுமானாலும் இணையான புரோகிராம் எழுத முடிய வேண்டும்.

8. வேண்டாம் என்பவர்கள் முழுவதும் நீக்கிவிட வழி இருக்க வேண்டும்.

ஏழாவது நிபந்தனைக்குக் காரணம் உண்டு. விண்டோஸுடன் எதையும் இணைத்துத் தருவது மற்ற நிறுவனங்களை நசுக்கும் என்ற எதிர்ப்பு நியாயமற்றதல்ல. மீடியா பிளேயரை விண்டோஸுடன் இணைத்ததற்காகவும் வேறு ஒரு குற்றச்சாட்டிற்காகவும் 2004ல் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாப்டுக்கு 49.7 கோடி யூரோ அபராதம் விதித்தது. 2021ல் நெக்ஸ்ட்கிளவுட் தலைமையில் சில நிறுவனங்கள், ஒன்டிரைவை விண்டோஸுடன் இணைத்துத் தருவது குறித்து அதே ஆணையத்திடம் புகார் செய்தன. ஆனால், தன் சேமிப்பிடத்தை விற்பதற்கான வாசலாக ஒரு வசதியை இணைப்பது வேறு. யாரும் சேர்ந்து கொள்ளக் கூடிய பொதுவான வழியை இணைப்பது வேறு. வெப் பிரவுசர்கள் பல இருந்தாலும் அனைத்தும் ஒரே தளங்களைக் காட்டுவது, விதிமுறைகள் பொதுவாக இருப்பதால்தான்.

சிஸ்டம் பெரிதாகிவிடும் என்பார்கள். சிங்க்திங் புரோகிராமின் அளவு சில பத்து எம்பிதான். சாலிடேர் விளையாட்டுக்கு விண்டோஸில் இடம் இருக்கும்போது இதற்கு இருக்காதா?

சிங்க் என்பது பேக்கப் அல்ல

ஓர் எச்சரிக்கையை மறைக்கக் கூடாது. சிங்க் இருந்தால் பேக்கப் வேண்டாம் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு பக்கம் பைலை அழித்தால் மறு பக்கமும் அழியும். ஒரு கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து பைல்களைக் கெடுத்தால், கெட்ட பைல்களும் ஒழுங்காக அடுத்த கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரும். எனவே எந்த சிங்க் வசதி வந்தாலும், மாதம் ஒரு முறையாவது வெளியில் இணைக்கும் ஹார்ட் டிஸ்க்கில் முக்கிய பைல்களைக் காப்பி செய்து, அதனைக் கழற்றித் தனியே வைத்திடுங்கள்.

அதுவரை என்ன செய்யலாம்?

முதலில், உங்கள் பைல்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். டாகுமெண்ட்ஸ் போல்டரைத் திறந்து, பைல்களுக்கு அருகே மேகப் படம் இருக்கிறதா எனக் கவனியுங்கள். இருந்தால், முக்கியமான போல்டரில் ரைட் கிளிக் செய்து, எப்போதும் இந்தக் கம்ப்யூட்டரில் வைத்திருக்கும்படி கூறும் வரியைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து, ஒரு பைலுக்கு எந்தக் கம்ப்யூட்டர் "தலைமை" என்று முடிவு செய்து, அதில் மட்டும் திருத்துங்கள். சற்று பழகியவர்கள் சிங்க்திங் புரோகிராமை அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்து, முக்கியமில்லாத போல்டர் ஒன்றில் சோதித்துப் பார்க்கலாம்.

இன்னும் ஒரு வேலை இருக்கிறது. விண்டோஸ் கீயுடன் எப் கீயை அழுத்தினால் பீட்பேக் ஹப் என்ற பகுதி திறக்கும். விண்டோஸில் என்ன வேண்டும் என்பதை அதன் வழியாக மைக்ரோசாப்டுக்குத் தெரிவிக்கலாம். பல கோடிப் பேர் பயன்படுத்தும் சிஸ்டத்தில் நம் ஒரு குரல் எடுபடுமா என்று எண்ண வேண்டாம். நாம் பணம் கொடுத்து வாங்கிய இரண்டு கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசிக் கொள்ள வேண்டும் என்பது பெரிய ஆசை இல்லை. இரண்டு வரி போதும். இன்றே எழுதுங்கள்.